ஒரு மணி நேர வேலை

“பின்னாடி பிரேக் பேடு தேஞ்சு போச்சு. மாத்தாம அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது” என்று சொல்லி, மனைவியின் கையிலிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டான் மெக்கானிக்.

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டாள். ஒரு மணி நேரம் என்றான். சரி என்று ஷெட் ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டிக்கியில் அவளுடைய துணிப்பெட்டிகள் இரண்டும் தையல் மிஷினும் ஏற்கெனவே ஏறியிருந்தன. அக்கா ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று போன வாரம் சொன்னாள். எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போகிறவளிடம் அதை எப்படிக் கேட்பது?

பேடு ஒன்றும் தேயவில்லை. இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும்.

தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பேர். சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆள் பிரேக் சரியில்லை என்றால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? பொய் சொல்லி ஒரு மணி நேரம் சம்பாதித்துவிட்டான். அதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஒருவேளை போகாமல் இருப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் அவன் வழக்கம்போல ஷெட்டைத் திறந்தான். அதன் பிறகு அவள் பேச வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கல்நெஞ்சுக்காரன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுதால் யாருக்கும் தெரியாது.

அதைத்தான் சொல்ல வேண்டும். நானும் அழுதேன். இரண்டே வார்த்தை, அதற்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

பழைய வண்டிகள் மாதிரி இல்லை இந்தக் கார். பார்க்கிங் பிரேக்குக்கு இழுக்கிற கம்பி கிடையாது, சின்ன மோட்டார்தான். கம்ப்யூட்டரைச் செருகி உத்தரவு போட்டால்தான் பிடியை விடும். செருகினான். பின் சக்கரங்களுக்குள் மோட்டார் உய்ங் என்று சுற்றி ஓய்ந்தது. ஷெட்டே அமைதியாகிவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஜாக்கி போட்டான். சக்கரத்தைக் கழற்றினான். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட் இரண்டையும் விட்டு, அதைத் தூக்கி மேலே கம்பியால் கட்டினான். பழைய பேடுகளை உருவி, அவற்றின் கனம் அவள் கண்ணில் படாதபடி துணியில் சுற்றி வைத்தான்.

அதை எதற்குக் கட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

அவன் விளக்கினான். கட்டாவிட்டால் காலிப்பர் பிரேக் ஆயில் வருகிற ரப்பர் ஹோஸில் தொங்கும், ஹோஸ் உள்ளுக்குள்ளே கிழியும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் திடீரென்று கைவிட்டுவிடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நாலு வருஷத்தில் அவளிடம் அவ்வளவு நீளமாக அவன் பேசியது அப்போதுதான். அவளும் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு கேட்டாள்.

பேசி முடித்ததும் ஸ்பேனரைத் தேடினான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

இந்தப் பக்கம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அந்தப் பக்கத்துக்குப் போனபோது அதுவும் முடியட்டும் என்று நினைத்தான். பளபளவென்று இருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். பிஸ்டனை நூல் நூலாக உள்ளே தள்ளினான். ஒரு தரம் வார்த்தை தொண்டைவரை வந்தேவிட்டது. உடனே டார்ச்சை எடுத்து டிஸ்கில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அங்கே கீறலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாவி மனுஷனுக்கு அந்த நேரத்தில் குனிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

புதுப் பேடு போட்டதும் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை பிரேக்கே பிடிக்காது. அதில் மட்டும் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டியைத் தெருக்கோடிவரை ஓட்டி, நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான்.

ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகியிருந்தது.

அவள் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டாள். கண்ணாடியை இறக்கினாள்.

“பேடு இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்னு இந்த வண்டியே காட்டுமேங்க. காலையிலயே பார்த்துட்டேன். நீங்க ஏதோ சொல்லப் போறீங்கன்னுதான் உட்கார்ந்திருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பழைய வண்டிக்குச் சொல்ல வேண்டிய பொய்யை டாக்டர் புது வண்டிக்குச் சொல்லியிருக்கிறான். எல்லாம் தெரிந்தே அவள் அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

இப்போதும் அவள் கிளம்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தான்.

“முதல் இருநூறு கிலோமீட்டருக்குச் சட்டுன்னு பிரேக் போடாத” என்றான்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.