இன்னும் ரெண்டே படம்

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க... ம், அப்படித்தான். கண்ணைத் துடைச்சுக்குங்க, மை கலையுது பாருங்க."

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து போட்டோக்காரப் பெண்ணின் குரல் வந்தது. கூடவே ஃபிளாஷ் வெளிச்சம் கதவிடுக்கில் பளிச்சென்று வெட்டி மறைந்தது. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூத்தவள், சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அவளைக் காவலுக்கு வைத்தவர் அப்பா. "மேடைக்குக் கூப்பிடற வரைக்கும் இந்தக் கதவு திறக்கக் கூடாது. உங்கம்மாவை நம்ப முடியாது, அழுதே ஊரைக் கூட்டிடுவா. நீதான் சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை" என்று காலையில் சாவியைக் கையில் திணித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க மண்டப வாசலுக்குப் போய்விட்டார். வீட்டில் மூத்தவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று அவள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் பெண் இளையவள். போன வாரம் சாப்பாட்டு மேசையில், "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். வெளியூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக் கூடாதாம். அன்றைக்கே அவளுடைய போன் அப்பாவின் பீரோவுக்குள் போயிற்று. அதற்கப்புறம் இளையவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூத்தவளுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளும் நல்ல வேலை ஒன்றை விட்டுவிட்டு, இதே போல ஓர் அறையில், இதே போட்டோக்காரப் பெண்ணின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "சிரிங்கக்கா, சிரிங்கக்கா" என்று அந்தப் பெண் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சியும் ஒரு படத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் கேமராவை இறக்கிவிட்டு, "உங்களுக்கு இஷ்டமில்லையாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் சொல்வதற்குள் ஆட்கள் வந்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் கல்யாணத்துக்கும் அந்தப் பெண்ணையே கூப்பிடலாம் என்று சொன்னது மூத்தவள்தான். தெரிந்த பெண்தானே என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

அவளுடைய வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டே வந்தார். மனைவியின் காலைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன வெறுங்காலோட உக்காந்திருக்க? செருப்பு எங்க?"

"போச்சு. போட்டுட்டுப் போயிட்டாங்க."

"அதானே! கல்யாணக் கூட்டத்துல ஒரு செருப்பைப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல. உன்னை நம்பி ஒரு பொண்ணைக் காவல் காக்க விட்டிருக்காரே உங்கப்பா!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் பந்திப் பக்கம் நடந்தார். மூத்தவள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தரையின் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது.

அப்பா வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னும் என்னம்மா எடுக்கிறா? மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு!" என்று கதவைப் படபடவென்று தட்டினார்.

"ரெண்டே படம் சார்!" என்றது உள்ளே குரல். "இப்பதான் முகத்தைச் சரி பண்ணியிருக்கு. அழுத மூஞ்சியோட ஆல்பம் போட்டா உங்களுக்குத்தானே அசிங்கம்?"

அப்பாவின் கை கதவிலேயே நின்றது. மூத்தவளின் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணைக் கடத்திட்டு வந்தீங்களா?" என்று சம்பந்தி கேட்டது அவருக்கு இன்னமும் உறுத்திக்கொண்டிருந்தது.

"சரி, சரி. நல்லா சிரிக்க வச்சு எடு" என்றார். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, அடங்கிட்டா போல. சத்தமே இல்ல."

"ஆமாப்பா. சத்தமே இல்ல" என்றாள் மூத்தவள்.

அவர் போனதும் கைப்பேசியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய் தெருவைப் பார்த்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். உள்ளே குரல் விடாமல் நடந்துகொண்டிருந்தது: "தோளைத் தளர்த்துங்க. அந்தக் கையை மடியில வைங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." மூத்தவளும் மூச்சை இழுத்தாள், விடத்தான் வரவில்லை.

அடுத்த தடவை அப்பா தனியாக வரவில்லை. சித்தப்பாவும் வீட்டுக்காரரும் பின்னால் நின்றார்கள். முன்னால் மூன்று ஆண்கள், முதுகுக்குப் பின்னால் பூட்டிய கதவு.

"போட்டோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். சாவியக் குடு."

"ஒரே படம்ப்பா."

"எதிர்த்தா பேசற? குடுன்னா குடு!" அப்பா கையை ஓங்கினார். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு அவள் பயந்தவள். ஆனால் சாவி உள்ளங்கையை விட்டு நகரவில்லை.

அவளுடைய கைப்பேசி ஒரே ஒரு முறை அடித்து நின்றது. தெரியாத எண்.

மூத்தவள் அதைப் பார்த்தாள். இழுத்துப் பிடித்திருந்த மூச்சு தானாக வெளியே வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண் அவ்வளவு கெஞ்சியும் வராத சிரிப்பு இப்போது கேட்காமலே வந்தது. அப்பாவின் கையில் சாவியை வைத்தாள். கதவுப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"போதும், கேமராவை வச்சிடும்மா. அவ ரயில் ஏறிட்டா."