பள்ளத்தில் வந்த சத்தம்

ஸ்டியரிங்கில் ராஜமாணிக்கம். பக்கத்தில் நோட்டும் கையுமாக மெக்கானிக் பரத். பின் சீட்டில் தனியாக ராஜமாணிக்கத்தின் மனைவி ஜானகியம்மாள். புது ஜீப் தேர்வாய் கண்டிகை மண்ரோட்டுப் பள்ளத்தில் இறங்கியது.

"டொக்!"

"கேட்டியா? நாலாவது தபா கொண்டாந்துகீறேன்!"

"நாங்க ஓட்டுனா வரல சார்."

"அப்போ என்னைக் கண்டாதான் கத்துதா? இன்னா தம்பி, வெளையாடறியா?"

ஜானகியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கும்மிடிப்பூண்டி சர்வீஸ் சென்டருக்குத் திரும்பியதும் மேனேஜர் பரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சத்தத்தைக் கண்டுபுடிக்கத் துப்பில்ல. நாளைலேர்ந்து வராதே."

பரத் ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தான்.

"வேற ஆளு வண்டியப் பாக்கணுமாம், இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவுமாம்" என்று சலித்துக்கொண்டார் ராஜமாணிக்கம்.

"கோயிலாண்ட போயி வேண்டிக்கினு வரேன்" என்று வழக்கம்போல் கிளம்பினாள் ஜானகியம்மாள்.

பத்தாவது நிமிஷம் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'மேனேஜர் ஐயாவுக்கு வணக்கம். பரத் தம்பி மேல் தப்பில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த ஜாக்கியைப் பள்ளத்துக்குப் பள்ளம் உதைத்தவள் நான்தான். வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகள் வீட்டை என் வீட்டுக்காரர் மிதிக்க மாட்டார், என்னையும் விடமாட்டார். அந்த வீடு உங்கள் பின்தெருவில் இருக்கிறது. வண்டி உங்களிடம் வந்தால்தான் என் பேரனைத் தூக்க முடிகிறது. தம்பிக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். இனி சத்தம் வராது.'

மடியிலிருந்த பேரனை இறக்கிவிட மனமில்லாமல் ஒரு கையாலேயே கவரை ஒட்டினாள்.

"இளமதி, உங்க நைனா வண்டிய எடுத்துக்கினு போனதும் இத மேனேஜர் கைல குடுத்துடும்மா."