நார் சிக்காத மெஷின்

"மணிக்கு ஒரு தடவை, நாலு நிமிஷம் நிக்குது. கடிகாரத்தை வெச்சுப் பார்த்துட்டேன். எவனோ கை வெச்சிருக்கான்" என்றார் மாமனார்.

அது மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் ஆலை. பணம் போட்டவர் மாமனார். அரவை மெஷினை வரைந்து, பட்டனைத் தட்டினால் தானாக ஓடும்படி செய்தவர் மாப்பிள்ளை. பழுது பார்க்க வந்த இன்ஜினியர் பெண்ணுக்கு, தனியாக அனுப்பப்பட்ட முதல் ஆலை இதுதான். சொதப்பினால் அடுத்தது கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"என் மெஷின் நிக்கவே நிக்காது!" மாப்பிள்ளை குதித்தார். "பழசுதான் மணிக்கொரு தடவை நார் அடைச்சுக்கிட்டு நிக்கும். இதுல நார் தானா வெளியே போயிடும். கரண்ட்ல கோளாறா இருக்கும். இந்தப் பொண்ணு வந்து என்னத்தைக் கிழிக்கப் போகுது?"

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தோல் சீவும் பெண்களைப் பார்த்தும் ஒரு சத்தம். "அங்க என்ன வேடிக்கை? கை ஓடட்டும்!"

நல்ல மனுஷன்தான் என்று இன்ஜினியர் பெண் நினைத்துக்கொண்டாள்.

கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் அகப்பட்டுவிட்டது. ஒயர்களுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் ஒரு டைமர். வரைபடத்தில் அது இல்லை.

பக்கத்தில் மெக்கானிக் நின்றிருந்தார். ஆலையில் அவருக்கு 'நட்டு' என்று பெயர். கல்லுளிமங்கன்.

"இதை யாருண்ணே மாட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

நட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. நீங்களே பாருங்க."

மெஷின் நின்றது. கிழங்கு கொண்டுபோகும் பெல்ட்டும் நின்றது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்னொருத்தி மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நாலு பேர் கழிப்பறைக்கு ஓடினார்கள். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று.

"இன்னிக்கு நீ முதல்ல போக்கா. நேத்து நான் போயிட்டேன்."

மூன்று பேர் போய் வந்தார்கள். நாலாவது பெண் கதவில் கை வைத்தபோது பெல்ட் ஓட ஆரம்பித்தது. பேசாமல் திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"பெல்ட் ஓடறப்ப எழுந்தா கிழங்கு தோலோட அரவையில விழுந்துடும்" என்றார் நட்டு. "முன்னெல்லாம் நார் அடைக்கறப்ப எழுந்துக்குவாங்க. இப்ப அடைக்கறதில்லையே."

மாமனாரும் மாப்பிள்ளையும் காத்திருந்த கேபினுக்கு அவள் திரும்பிப் போனாள்.

"கண்டுபிடிச்சியாம்மா?" என்றார் மாமனார். "பேரை மட்டும் சொல்லு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

டைமரைக் காட்டினால் அவள் கெட்டிக்காரி. நட்டுவின் பிழைப்பில் மண். பெல்ட் மூச்சு விடாமல் ஓடும்.

"யாரும் கை வைக்கலை சார். நார்தான் சிக்குது. உருளை சூடாகுது. நாலு நிமிஷம் ஆறினாத்தான் பல்லு தாங்கும்."

மாமனார் முகத்தில் ஒரு திருப்தி. "நான் அப்பவே நினைச்சேன், டிசைன்லதான் கோளாறுன்னு."

மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நாரா? என் மெஷின்லயா? வாங்க, எங்க சிக்குதுன்னு காட்டுங்க!"

விறுவிறுவென்று அவளை மட்டும் அரவைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். தொலைந்தோம் என்று பின்னாலேயே போனாள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தவர், நேராக அந்த ஒயர்களை விலக்கினார். டைமர் பல்லை இளித்தது.

"சார், அது வந்து..."

"இந்த மெஷின்ல நார் சிக்காது மேடம்." குரல் அடியோடு இறங்கியிருந்தது. "சிக்காத மாதிரி வரைஞ்சு, அவங்களை எழுந்திருக்க விடாம பண்ணினவன் நான்தான். ஓடவிட்ட அன்னிக்கே புரிஞ்சுது. இந்த டைமரை வாங்கிட்டு வந்து நட்டுகிட்ட கொடுத்ததும் நான்தான்."



அவர் கேபின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியை மூடினார்.

"நான் சொன்னா மாமா நம்ப மாட்டார். நீங்க எழுதிக் கொடுத்தா நம்புவார். அந்த நாலாவது பொண்ணு தினமும் பாதியில திரும்பி வருது மேடம்... ரிப்போர்ட்ல ஆறு நிமிஷம்னு போட்டுடுங்களேன்."