காதுகுத்துக்கு ஒரு மலைச்சுற்று

"தஞ்சாவூர்க்காரங்களுக்கு மேடுன்னா வயல் வரப்புதானே சம்பந்தி! எங்க ஊர் சரணாலயத்து மலைப்பாதையை உங்க வீட்டு ஆள் ஒருத்தர் சைக்கிள்ல முழுசாச் சுத்தி வரட்டும், பேத்தி காதுகுத்தை உங்க ஊர்லயே வச்சுக்கலாம்" என்று போனில் சவால் விட்டார் மலையூர்ச் சம்பந்தி ரத்தினவேல்.

தியாகேசனுக்கு மீசை துடித்தது. அன்றைக்கே தன் ஊரான ஒரத்தநாட்டில் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாளே பயிற்சி. ஜில்லாவையே சல்லடை போட்டுச் சலித்ததில் அகப்பட்ட ஒரே மலை, ரயில்வே மேம்பாலம். தினமும் விடியற்காலையில் கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளில் அதன்மேல் ஏறி இறங்கினார்கள். பாலமே ஒரு சாண் தேய்ந்துவிட்டதாகக் கேள்வி.

"ராத்திரி ரெண்டு தோசையோட நிறுத்துங்கன்னேனே, கேட்டீங்களா?" என்று வழியெல்லாம் திட்டினாள் பிரகதாம்பாள்.

"நான் நல்லாச் சாப்பிட்டாத்தான் பயிற்சி பலமா இருக்கும், பிரகதா!"

போட்டி நாளில் மலையை அண்ணாந்து பார்த்தபோது தியாகேசனுக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

"கிளம்பலாமா சம்பந்தி?" என்றார் ரத்தினவேல்.

"பேஷா!" என்ற தியாகேசன், நாற்காலியில் சாய்ந்து காபியை வாங்கிக்கொண்டார். சுடிதாரில் வந்த பிரகதாம்பாள் சைக்கிளில் ஏறிப் பறந்தாள்.

"என்ன சம்பந்தி, நீங்க ஓட்டலையா?"

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே! கேரியர்ல தொண்ணூறு கிலோ மூட்டையா உட்கார்ந்து, பயிற்சி மட்டும்தான் நான் கொடுத்தேன்."

ரத்தினவேல் பிளந்த வாயை மூடுவதற்குள் மலையைச் சுற்றிவிட்டு, மணியடித்துக்கொண்டே வந்து நின்றாள் பிரகதாம்பாள்.

"அந்த மேடு எங்கே இருக்கு அண்ணே? நான் இன்னும் பார்க்கவே இல்லையே!"