கழுதை எடுத்த சுளுக்கு

வேலி தாண்டுறேன்னு குதிச்ச வெள்ளாட்டுக்குக் கால் பிசகி, பன்னு மாதிரி வீங்கிப் போச்சு.

"வாய்க்கால் சேத்துல காலை வச்சுட்டுச் சும்மா படுத்துக்க, அக்கா. வீக்கம் தானா வடியும்"னு தவளை சொல்லுச்சு.

அங்க கழுதை வந்துச்சு. "சேறாவது சோறாவது! நான் பொறக்கையிலேயே கால்தான் முதல்ல வெளிய வந்துச்சு. அப்படிப் பொறந்தவன் ஒரு உதை விட்டா சுளுக்கு ஊரை விட்டே ஓடிடும். காலை நீட்டு!"

"வேணாம்ண்ணே, இருக்கிற காலும் போயிடும்!"

கழுதை கேட்டாத்தானே? ஓங்கி விட்டுச்சு. ஆடு உருண்டு தப்பிச்சிடுச்சு. உதை வேலிக்கல்லுல பட்டுச்சு.

"ஐயோ, என் காலு!"ன்னு கழுதை கத்துன கத்துல தவளை தண்ணிக்குள்ள குதிச்சிடுச்சு.

ஆடு நொண்டிக்கிட்டே கிட்ட வந்துச்சு. "அழாதீங்கண்ணே. எங்க ஆட்டுச் சாதியில எல்லாருக்கும் கால்தான் முதல்ல வரும். காட்டுங்க, நான் ஒரு உதை விடுறேன்."

கழுதை வாய்க்கால் பக்கமாத் திரும்புச்சு. "தவளைத் தம்பி, அந்தச் சேத்துல ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?"