மூன்றாவது ஆடிட்டர்

"ஒரு பேப்பர எத்தனை தடவ திருப்பிப் படிச்சீக?"

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பாண்டிலட்சுமிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் ஒரு பெண் முதன்முதலாகக் கேட்கிற கேள்வியா இது?

பின்வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மகள் கற்பகவல்லியையும் மாப்பிள்ளை பாண்டிச்செல்வத்தையும் தனியே பேச விட்டிருந்தார்கள். தனியே என்றால் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே. பெற்றவள் அதற்கு மேல் தள்ளி உட்கார விடுவாளா?

"மூணு தடவ," என்றான் பாண்டிச்செல்வம். மதுரையில் ஆடிட்டர். "மொதத் தடவ புரிஞ்சுக்கிறதுக்கு. ரெண்டாவது தடவ குறிப்பு எடுக்கிறதுக்கு. மூணாவது அந்தக் குறிப்பு மட்டும்தான். பரீட்சைக்கு முந்துன நாள் புதுசா எதையும் தொட்டுறக் கூடாது."

"எனக்கு ஆடிட்டிங் பேப்பர்தான் காலை வாருது. எம்புட்டுப் படிச்சாலும் முப்பத்தஞ்சத் தாண்டி பாஸ் மார்க்கு நாப்பதத் தொட மாட்டேங்குது."

"மனப்பாடம் பண்றீகளோ?"

"ஆமா."

"அங்கனதான் தப்பு. சிவகாசி ஆபீஸ்லதான பயிற்சி எடுத்தீக? பட்டாசுக் கம்பெனிக்கு சரக்கு இருப்பு எண்ணப் போயிருப்பீகள்ல? அம்புட்டுப் பெட்டியையுமா பிரிச்சுப் பாத்தீக?"

"எப்படிப் பாக்க? சீசன் நேரம். ஒரு பக்கம் லோடு ஏறுது. நாலஞ்சு பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு வந்தோம்."

"கம்பெனிக்காரரு எடுத்துக் குடுத்த பெட்டியா?"

"ஐயோ, அவரு நல்ல பெட்டியாப் பாத்துல்ல குடுப்பாரு! நாங்களே அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு உருவுனோம்."

"அம்புட்டுதான், சாம்பிள் எடுக்கிற விதி உங்க கைக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு விதிக்கும் நீங்க போன ஒரு கம்பெனிய நெனச்சுக்கிடுங்க. ஆனா எழுதும்போது மட்டும் புத்தகத்து வார்த்தைல எழுதணும். தெனம் ஒரு பழைய கேள்வித்தாள எடுத்து, மூணு மணி நேரம் பேனா பிடிச்சு எழுதிப் பாருங்க. இந்தத் தடவ ஆடிட்டிங்ல அறுபதுக்கு நான் பொறுப்பு."

கற்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். பாண்டிலட்சுமிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் இரண்டு பேர் சேர்ந்தால் மழையைப் பற்றிப் பேசுவதில்லையா, அதுபோல இதுகளும் ஒரே தொழில், ஒரே பேச்சு. நல்ல பொருத்தம்தான் என்று மனசுக்குள் முடிச்சே போட்டுவிட்டாள்.

அவள் பட்ட பாடு அப்படி. மகள் ஆடிட்டர் பரீட்சையின் கடைசிக் கட்டத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். சென்னையில் தங்கி கோச்சிங் போகிறேன் என்று கேட்டதற்கு அவள் அப்பா சுந்தரபாண்டி ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டார். "இன்னும் ஒரு தடவ வீட்ல இருந்து எழுது. தேறலேன்னா படிப்ப மூட்டை கட்டிட்டு, நான் கை காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும்" என்றார். அதுவரைக்கும் மாப்பிள்ளை பார்ப்பதையும் நிறுத்தப்போவதில்லை என்றார்.

"தாராளமாப் பாருங்க. ஆனா ஆடிட்டரா இருக்கணும். அவுகளுக்குத்தான் என் படிப்போட அருமை தெரியும்" என்றாள் கற்பகவல்லி.

மல்லாங்கிணறு மாதிரி ஊரில் இருந்துகொண்டு ஆடிட்டர் மாப்பிள்ளைக்கு எங்கே போவது? தரகர் காசிராஜன் செருப்புத் தேய அலைந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் மீசையைத் திருகிக்கொண்டே பேசுகிறாராம், வேண்டாம் என்றாள். இன்னொருவர் காபியை உறிஞ்சிக் குடிக்கிறாராம், அவரும் வேண்டாம். இந்தத் தடவை என்னதான் பேசுகிறாள் பார்ப்போம் என்றுதான் பாண்டிலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள்.

பேச்சு முடிந்து கூடத்துக்கு வந்த பாண்டிச்செல்வத்தின் முகத்தைப் பார்த்ததுமே அவன் அம்மா சொர்ணலட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. காராச்சேவுத் தட்டைக் கீழே வைத்தார்.

"மதினி, பொண்ணு பரீட்சைல தேறட்டும், தேறாமப் போகட்டும். எங்களுக்கு இந்தப் பொண்ணு போதும். கேட்டுட்டு நல்ல பதிலாச் சொல்லுங்க."

கார் தெருமுனை திரும்பியதும் பாண்டிலட்சுமி ஓடாத குறையாக மகளிடம் வந்தாள்.

"ஏ கற்பகம், மாப்பிள்ள எப்படி?"

"தங்கமான மனுசன்மா. என்ன தெளிவு! என்ன பொறுமை!"

"அப்பச் சரின்னு அப்பாவச் சொல்லச் சொல்லிரவா?"

"வேண்டாம்னு சொல்லச் சொல்லும்மா. அவரு நம்பி இருந்துறப் போறாரு, இன்னைக்கே சொல்லிருங்க."

"அடிப்பாவி! இவருக்கு என்னடி கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்ல. மொத வந்தவரு கணக்குப் பேப்பர முடிச்சுக் குடுத்துட்டாரு, ரெண்டாவது வந்தவரு வருமான வரி, இவரு ஆடிட்டிங்," என்று விரல் மடக்கினாள் கற்பகவல்லி. "ஜிஎஸ்டி ஒண்ணுதான் பாக்கி, அதுல நல்ல மார்க்கு வாங்குன மாப்பிள்ளையா ஒருத்தரப் பாக்கச் சொல்லி தரகருக்கு ஒரு போன் போடும்மா."