கை கட்டி நின்ற மருந்து

குறைமாதக் குழந்தையொன்றின் நுரையீரலில் குட்டிக் காற்றறை ஒன்று விரிய முடியாமல் ஒட்டிக் கிடந்தது. அதை விரித்துப் பிடிக்க நுரைமருந்து வந்து வலை பின்னியது. பின்னாலேயே வந்தது, சளியையும் கரைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்து. சளியின் முடிச்சுகளை அவிழ்த்தே பழகிய கை அதற்கு. வலையின் முடிச்சுகளையும் மளமளவென்று அவிழ்த்தது.

"என்னண்ணே பண்றீங்க?" என்றது நுரைமருந்து.

"உதவி பண்றேன் தம்பி. எவ்வளவு சிக்கல் பாரு."

"சிக்கல் இல்லண்ணே, அதுதான் என் வலை."

காற்றறைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்கே எனக்கு மூச்சு முட்டுது. நீங்க கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கண்ணே."

ஆன்டிஆக்ஸிடன்ட் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது. நுரைமருந்து மறுபடி பின்னியது. காற்றறை விரிந்தது, குழந்தை வீறிட்டு அழுதது.

"பாத்தியா," என்றது ஆன்டிஆக்ஸிடன்ட், "நான் மட்டும் கை கட்டி நிக்கலைன்னா இது நடந்திருக்குமா?"